மேடை ஏறுமுன் முடிந்துவிடும் கணக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இங்கிலாந்தில் யார்க்‌ஷர் பகுதியின் ஒரு சிறு நகரத்தில் 12 ஆண்டுகளாக வசிக்கிறேன். தொழிலால் கணக்காளர். என் மகள் இங்குள்ள அமெச்சூர் இசை நாடகச் சங்கத்தில் ஆடிப் பாடுகிறாள். அவளை ஒத்திகைக்கு அழைத்துப் போய் வந்ததில் நானும் உறுப்பினராகி, சென்ற பொதுக்குழுவில் பொருளாளராகவும் ஆகிவிட்டேன். சங்கம் பதிவு பெற்ற சாரிட்டி, அதாவது அறக்கொடை அமைப்பு. இந்த ஆண்டு போட்ட நாடகத்தில் ஏறத்தாழ 4,000 பவுண்டு நட்டம். அடுத்த ஆண்டுக்கு அதைவிடப் பெரிய நாடகம் வேண்டும் என்கிறார்கள். கேட்டால், வங்கியில்தான் 11,000 பவுண்டு இருக்கிறதே என்று பதில் வருகிறது. கணக்கு எழுத எனக்குத் தெரியும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் வந்து பாடும் இந்த மனிதர்களிடம் ‘முடியாது’ என்று சொல்லத்தான் தெரியவில்லை. இப்படியொரு சங்கத்தில் நீங்கள் பொருளாளராக இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள்?

(பெயரைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு சங்கத்துக்கு நான் 9 ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் ‘முடியாது’ என்று சொல்வதே என் வேலை என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன். ஆனால் நான் சொன்ன நேரம் தவறானது. இயக்குநரை அமர்த்தி, நாடகத்தை மேடையேற்றுவதற்கான உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, குரல் தேர்வும் முடிந்த பிறகு, ஆடை வாடகையில் 200 பவுண்டைக் குறையுங்கள் என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் மனவருத்தம் ஏற்பட்டது, நட்டமும் அப்படியே நின்றது. எந்த நாடகத்தை எந்த அரங்கில் போடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்திலேயே லாப நட்டத்தின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. உங்கள் தாள் அந்தக் கூட்டத்தின் மேசையில் இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கால் காட்டுகிறேன். 400 இருக்கைகள் கொண்ட அரங்கு, செவ்வாய் முதல் சனி வரை மாலைக் காட்சி, சனிக்கிழமை மதியமும் ஒன்று, ஆக 6 காட்சிகள், 2,400 இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். அரங்க வாடகையும் அரங்கப் பணியாளர் செலவும் 6,500 பவுண்டு, 10 பேர் கொண்ட இசைக்குழுவுக்கு 3,600, மேடை அமைப்புக்கும் ஆடைக்கும் 3,400, ஒலி ஒளிக்கும் வயர்லெஸ் மைக் வாடகைக்கும் 2,000, இயக்குநர், இசை இயக்குநர், நடன ஆசிரியர் மூவருக்கும் 1,800, ஒத்திகைக்கான தேவாலயக் கூடத்துக்கு 900, விளம்பரத்துக்கு 700, பிரதிகளின் வாடகை 500. மொத்தம் 19,400. ஒரு டிக்கெட் கூட விற்காவிட்டாலும் இந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். உறுப்பினர்கள் 40 பேரின் சந்தா ஆளுக்கு 60 பவுண்டு வீதம் 2,400, நிகழ்ச்சி மலர் விளம்பரமும் ராஃபிள் என்னும் பரிசுக் குலுக்கலும் 1,000 தந்தால், டிக்கெட்டிலிருந்து வர வேண்டியது 16,000. முதியோர், மாணவர் சலுகை போக ஒரு டிக்கெட்டின் சராசரி விலை 14 பவுண்டு என்றால், அதில் 15 விழுக்காடு உரிமத் தொகையாகவும் 5 விழுக்காடு டிக்கெட் விற்பவரின் கழிவாகவும் போய், சங்கத்துக்கு நிற்பது 11 பவுண்டு 20 பென்ஸ். அப்படியானால் 1,429 டிக்கெட் விற்றால்தான் கையைக் கடிக்காது. அரங்கில் நூற்றுக்கு அறுபது இருக்கை நிரம்ப வேண்டும். நூற்றுக்கு 45 இருக்கைதான் நிரம்பியது என்றால் நட்டம் 3,904 பவுண்டு. உங்கள் சங்கத்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்க வேண்டும். சென்ற 5 நாடகங்களுக்கு உண்மையில் எத்தனை டிக்கெட் விற்றது என்று பழைய கோப்புகளிலிருந்து எடுத்து, இந்த எண்ணின் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேறு வாதம் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

இந்தக் கணக்கு ஆசையை அடக்குவதற்கான கருவி என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் ஆண்டு எங்கள் இசை இயக்குநர் இன்னும் இரண்டு வயலின் வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயமே. அந்த நாடகத்தின் இசை அப்படி எழுதப்பட்டது. நான் முடியாது என்று சொல்லவில்லை. இரண்டு வயலினுக்கு 720 பவுண்டு ஆகும், அதற்கு 65 டிக்கெட் கூடுதலாக விற்க வேண்டும், யார் விற்பது என்று மட்டும் ஒத்திகை இடைவேளையில் கேட்டேன். தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஒரு தாள் சுற்றி வந்தது. குழுவாகப் பாடுபவர்களில் 13 பேர் ஆளுக்கு ஐந்து டிக்கெட் என்று பெயர் எழுதிக் கொடுத்தார்கள். வயலின்கள் வந்தன. முதல் நாள் திரை விலகுமுன் அந்த இசை எழுந்தபோது நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். அந்த 13 பேருக்கும் அது தாங்கள் வாங்கிக் கொடுத்த ஒலி என்று தெரியும்.

இனி அந்த 11,000 பவுண்டு. அதில் சங்கம் தன் விருப்பம்போல் செலவிடக்கூடியது எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். யாராவது ஒலிக் கருவி வாங்குவதற்கென்றோ சிறுவர் பிரிவுக்கென்றோ கொடுத்த நன்கொடை இருந்தால், சட்டப்படி அதை அந்தக் காரியத்துக்கு மட்டுமே செலவிட முடியும். நாடக நட்டத்தை அதைக் கொண்டு அடைத்தால் அறங்காவலர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். அடுத்த ஆண்டுக்காக முன்கூட்டியே வந்த சந்தாவையும், இன்னும் நடக்காத கச்சேரிக்கு விற்ற டிக்கெட் பணத்தையும் கழியுங்கள். எஞ்சியதுதான் கையிருப்பு. ஒரு நாடகம் அடியோடு நின்றுபோனாலும் தாங்கும் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொரோனா பரவிய 2020 மார்ச் 16 அன்று, அரங்குகளுக்குச் செல்வதைத் தவிர்க்குமாறு பிரிட்டிஷ் பிரதமர் மக்களைக் கேட்டுக்கொண்டார். வசந்தகால நாடகத்துக்காக ஆடையும் காட்சித் திரைகளும் வந்து இறங்கியிருந்த சங்கங்கள், செலவு முழுவதும் செய்துவிட்டு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு வந்தன. கையிருப்பு வைத்திருந்தவர்களால் அதிலிருந்து மீண்டு எழ முடிந்தது.

உரிமம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான இசை நாடகங்களின் உரிமம், வசூலில் இத்தனை விழுக்காடு என்பதோடு, குறைந்தபட்சம் இவ்வளவு என்ற நிபந்தனையோடும் வரும். விற்பனை சரிந்தாலும் அந்தக் குறைந்தபட்சம் குறையாது. ஆகவே ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பாடல் பிரதிகளும் இசைக்குழுவுக்கான தாள்களும் வாடகைக்கு வருபவை என்பதால், பென்சில் குறிப்புகளை அழித்துத் திருப்பித் தராவிட்டால் அபராதம் உண்டு. நாடகம் முடிந்த அடுத்த வாரம் நாங்கள் பத்துப் பேர் அழிப்பானோடு உட்கார்ந்து, மூச்சு விடும் இடம், கை தூக்கும் இடம் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்திருந்ததையெல்லாம் அழிப்போம். உரிமத் தொகையே இல்லாத வழியும் இருக்கிறது. கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த நகைச்சுவை இசை நாடகங்கள், கில்பர்ட் 1911-இல் இறந்ததால், இறந்து 50 ஆண்டுகள் என்ற அன்றைய விதிப்படி 1961 முடிவோடு பிரிட்டனில் காப்புரிமையிலிருந்து விடுபட்டன. நட்டப்பட்ட ஆண்டுக்கு அடுத்து அவற்றில் ஒன்றைப் போட்டு மூச்சு வாங்கிக்கொள்வதில் தாழ்வு ஒன்றும் இல்லை. பாடத் தெரிந்த குழுவுக்கு அது நல்ல பயிற்சியும்கூட.

வரவுப் பக்கத்தில், வரி கட்டுபவர் தரும் நன்கொடையோடு அரசு சேர்த்துத் தரும் கிஃப்ட் எய்ட் தொகையைக் கோருகிறார்களா என்று விசாரியுங்கள். சந்தா உறுப்புரிமைக்கு மட்டுமானதாக இருந்து, உறுப்பினர் போதிய வரி கட்டுபவராக இருந்து கையெழுத்திட்டால், 60 பவுண்டுக்கு அரசு 15 பவுண்டு சேர்த்துத் தரும். விடுபட்டதை நான்கு ஆண்டுகள் பின்னோக்கியும் கோரலாம். டிக்கெட்டுக்கும் ராஃபிளுக்கும் அது கிடையாது. வாசலில் வாளி ஏந்தி வாங்கும் 30 பவுண்டுக்கு மேற்படாத நன்கொடைகளுக்குக் கையெழுத்தும் வேண்டாம். ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை அவற்றுக்கும் அதே விகிதத்தில் கோரலாம். ஆனால் கையெழுத்துப் பெற்ற நன்கொடைகளைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போக முடியாது.

காசு எண்ணும்போது எப்போதும் இருவர் இருக்கட்டும். வங்கியிலிருந்து பணம் போவதற்கும் இருவர் ஒப்புதல் வேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள். இது யாரையும் சந்தேகிப்பதாகாது. நாளை ஒரு பேச்சு எழுந்தால் உங்களையும் உங்களுக்குப் பின் வருபவரையும் காப்பது அதுதான். கணக்கு ஆண்டு முடிந்து 10 மாதங்களுக்குள், அறக்கொடை அமைப்புகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனுக்குப் போக வேண்டியவை போகட்டும். அதைவிட முக்கியமாக, உங்கள் சங்கத்தின் சட்ட வடிவம் என்ன என்று பாருங்கள். பழைய சங்கங்கள் பல, சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக இல்லாத வெறும் கூட்டமைப்புகள். அவற்றில் அரங்க வாடகை கட்ட முடியாமல் போனால் ஒப்பந்தம் போட்ட அறங்காவலர்களின் சொந்தப் பணத்துக்கே ஆபத்து வரலாம். அறக்கொடை அமைப்புகளுக்கென்றே உருவான, கடன் பொறுப்பு அமைப்போடு நிற்கும் வடிவம் 2013 முதல் இங்கிலாந்தில் கிடைக்கிறது. அதற்கு மாறுவது சில மாத வேலை. ஆனால் 11,000 பவுண்டு வைத்துக்கொண்டு 20,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் போடும் சங்கத்துக்கு அது அவசியம் என்றே நினைக்கிறேன்.

அடுத்த செயற்குழு எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அவர்கள் விரும்பும் பெரிய நாடகத்துக்கு ஒன்று, சற்றுச் சிறியதற்கு ஒன்று, உரிமத் தொகை இல்லாததற்கு ஒன்று என்று மூன்று தாள்களைத் தயார் செய்து, ஒவ்வொன்றிலும் விற்க வேண்டிய டிக்கெட் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன், உரிம ஒப்பந்தத்தில் யாராவது கையெழுத்திட்டுவிட்டார்களா என்று இன்றைக்கே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.