டர்னிப் சூப்பின் மணம்

அன்புள்ள ஐயா,

நாஜி வதைமுகாமில் அடைக்கப்பட்ட ஒரு யூதப் பையனைப் பற்றிய, ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கெர்தேஸின் 'ஃபேட்லெஸ்னெஸ்' நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். சாகக் கிடக்கும் பையன் சூப் வாசனை வந்ததும், இந்த அழகான வதைமுகாமில் இன்னும் கொஞ்ச நாள் வாழ வேண்டும் என்று ஆசைப்படுகிறான். எரிச்சலாக இருந்தது. வதைமுகாமில் என்ன அழகு? வாசனையையும் ருசியையும் இப்படி ரசித்து எழுதுவது செத்தவர்களை அவமதிப்பதாகாதா?

ம.

அன்புள்ள ம.,

முதல் வாசிப்பில் எனக்கும் அந்த 'அழகான' தொண்டையில் சிக்கியது. ஆனால் ரசித்து எழுதுகிறார் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்கு முந்தைய பக்கங்களில் அந்தப் பையனின் மூக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் இறங்கிய அன்று குமட்டும் ஒரு நாற்றம் வருகிறது. புகைபோக்கியைப் பார்த்துவிட்டு, தோல் தொழிற்சாலையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்களை எரிக்கிற உலை என்பது அப்புறம்தான் தெரிகிறது. இன்னொருவர் எழுதியிருந்தால் அங்கேயே 'மரணத்தின் வாடை' என்று போட்டிருப்பார். அது வரலாற்றைப் படித்துவிட்டு வந்தவனின் மூக்கு. கெர்தேஸ் 1944இல் பதினான்கு வயதில் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். நாவல் வந்தது 1975இல். நடுவில் தெரிந்துகொண்டதையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, பையனுக்கு அந்த நிமிடத்தில் தெரிந்ததை மட்டும் உள்ளே விடுகிறார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பசியைப் பற்றிய ஒரு கதையில் 'வயிற்றில் தீ' என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்கென்றால் அடித்துவிடுவேன்.

அப்புறம் பேன்கள். இடுப்புப் புண்ணில் கட்டுக்கு அடியில் புகுந்து தின்கின்றன. பொறுக்கி எறிந்து பார்க்கிறான், முடியவில்லை. ஒரு கட்டத்தில் விட்டுவிடுகிறான். அவற்றின் பசி அவனுக்குக் கிட்டத்தட்டப் புரிந்துவிடுகிறது. படிக்கும்போது என் இடுப்பு அரித்தது.

இந்த உடம்போடுதான் அவனை, முன்பு இருந்துவிட்டுப் போன புஹென்வால்டு முகாமுக்குத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறார்கள், பிணங்களும் பிணமாகப் போகிறவர்களுமாக. இனி ஒன்றுமில்லை என்று புத்தி கணக்கை முடித்துவிட்டது. அப்போது டர்னிப் சூப் மணக்கிறது. பெரிய விருந்தில்லை, முகாமில் ஊற்றுகிற அதே கிழங்குத் தண்ணீர். வறண்ட கண்ணில் ஈரம் கசிகிறது. 'அழகான' என்று சொல்வது ஆசிரியர் இல்லை, செத்துப்போக மறுக்கும் உடம்பு. அந்த ஆசை அர்த்தமற்றது என்று பையனுக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்களோ என்று சந்தேகம்.

சரி, சூப்பையாவது பசி என்று மன்னித்துவிடலாம். கடைசிப் பக்கங்களை என்ன செய்வது? விடுதலையாகி சொந்த ஊரான புடாபெஸ்டுக்குத் திரும்பிவிட்டான். சாயங்கால வெளிச்சம் விழுகிறது. முகாமில் அவனுக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான். தெருவில் நிற்கிறவனுக்கு முகாமை நினைத்து, வீட்டை நினைத்து ஏங்குவது போல ஏக்கம் வருகிறது. நான் புத்தகத்தை மூடி வைத்தது அங்கேதான். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?