விபத்துக்கு மறுநாள் படைவீரர்களைப் பேச வைக்கலாமா?

கேள்வி: நான் ஒரு படைப்பிரிவின் மனநல ஆலோசகர். பயிற்சி விபத்தில் வீரர் ஒருவர் இறந்துவிட்டார். உடனிருந்த அனைவரையும் மறுநாளே உட்கார வைத்து, நடந்ததைப் பேசச் செய்யுமாறு மேலதிகாரி கூறுகிறார். பல மருத்துவச் சோதனைகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அதைத் தவறென்கிறதே, எதைப் பின்பற்றுவது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் 2002-ஆம் ஆண்டுத் தொகுப்பு, அதிர்ச்சிக்கு ஆளானவரை ஒரே அமர்வில் அனைத்தையும் விவரிக்கச் செய்யும் 'டீபிரீஃபிங்' முறை பி.டி.எஸ்.டி. எனும், அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாற்றைத் தடுப்பதில்லை என்றும், அதைக் கட்டாயமாக்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும் என்றும் முடிவு கூறியது. ஆனால், எந்தத் தொகுப்பையும் அதன் முடிவுரைக்கு முன்பே, சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் அட்டவணையிலிருந்து படிக்கத் தொடங்குவது என் வழக்கம்; யாரிடம், எதனோடு ஒப்பிட்டு, எத்தனை மாதம் கழித்து அளந்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

அந்த அட்டவணையில் தீக்காயம் பட்டு மருத்துவமனையில் இருந்தவர்களிடம் நடத்தப்பட்ட சோதனை ஒன்று உண்டு. 13 மாதங்கள் கழித்து, பேச வைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் பி.டி.எஸ்.டி. இருந்தது. பதற வைக்கும் எண்தான். எனினும், பேச வைக்கப்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே காயமும் மனத்துயரும் சற்று அதிகம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மேலும், கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் கிடப்பவரிடம் தனியாகப் பேசுவதும், ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்கும் வீரர்களைக் கூட்டிப் பேசுவதும் ஒன்றல்ல.

படையினருக்கு நெருங்கிய சான்று அதற்குப் பின்னரே வந்தது. கொசோவோவில் பணியாற்றிய 952 அமெரிக்க அமைதிப்படையினரிடம் நடந்து 2008-இல் வெளியான சோதனையில், சில குழுக்களுக்கு டீபிரீஃபிங்கும், சிலவற்றுக்கு மன அழுத்த வகுப்பும், மற்றவற்றுக்குக் கேள்வித்தாள் மட்டுமே கொடுக்கப்பட்டன. டீபிரீஃபிங்கால் தெளிவான நன்மையும் தெரியவில்லை, குறிப்பிடத்தக்க கேடும் தெரியவில்லை. அவர்களில் பலர் கடுமையான நிகழ்வுகளைச் சந்திக்காதவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே, கூட்டம் வேண்டாம் என்று மேலதிகாரியிடம் சொல்லத் தேவையில்லை. அதன் உள்ளடக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். நடந்தது என்ன என்பதை வதந்திக்கு இடமின்றி அறிவிக்கட்டும், வீட்டுக்குப் பேச நேரம் ஒதுக்கட்டும், உங்களை எங்கே, எப்போது சந்திக்கலாம் என்று கூறட்டும். பேச விரும்பாதவர் வாய் திறக்க வேண்டியதில்லை.

அறிகுறிகள் நீடித்துப் பி.டி.எஸ்.டி. உறுதியானால், அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, அதிர்ச்சி நினைவையே மையமாகக் கொண்ட உளச்சிகிச்சையை மருந்துக்கு முன்னால் வைக்கிறது. பதற்றத்தைத் தணிக்கவும் தூக்கத்துக்கும் கொடுக்கப்படும் பென்சோடையசெபின் வகை மாத்திரைகள் கூடாது என்கிறது. தூக்கம் வரவில்லை என்று அதைக் கேட்டு வருபவர்கள் இருப்பார்கள் என்பதால் உங்கள் மருத்துவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். சிகிச்சையைப் பற்றி வீரரிடம் மிகைப்படுத்தவும் வேண்டாம்: படையினரிடம் நடந்த 36 சோதனைகளை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, பலருக்கு நல்ல முன்னேற்றம் இருந்தும், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குச் சிகிச்சை முடிவிலும் பி.டி.எஸ்.டி. நீங்கவில்லை.

இப்போதைக்கு, விபத்தின்போது உடனிருந்தவர்களின் பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்திக்கும் நாளைப் பணி அட்டவணையிலேயே குறித்து வாங்கிவிடுங்கள்.