லா போசாவில் பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் இரைச்சல்

வணக்கம். அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே, வீட்டு வண்டிகளில் (RV) வருவோர் தங்கும் லா போசா நீண்டகாலத் தங்கல் பகுதியில், பக்கத்து வண்டிக்காரர் நள்ளிரவு தாண்டியும் ஜெனரேட்டரை ஓட்டுவதால் தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விதி உங்கள் பக்கமே இருக்கிறது. அங்கே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம்.

ஆயினும், புகார் கொடுப்பதற்கு முன், பகலில் ஜெனரேட்டர் ஓடாத வேளையாகப் பார்த்து அவரிடம் நேரில் பேசுங்கள். அவர் உறக்க மூச்சுத்தடைக்காக, இரவு முழுவதும் மின்சாரத்தில் ஓடி முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் (CPAP) கருவியை நம்பியிருப்பவராகவும் இருக்கலாம். அப்படியானால், அதன் ஈரப்பதமூட்டியின் சூட்டை நிறுத்திவிட்டால் நல்ல நிலையிலுள்ள வண்டி பேட்டரியே பெரும்பாலும் ஓரிரவைத் தாங்கும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஈய அமில பேட்டரி நிரம்ப நிரம்ப, மின்சாரத்தை மெதுவாகவே ஏற்கும். ஆகவே காலையில் சிறிது நேரம் ஜெனரேட்டரை ஓட்டி, மிச்சத்தைச் சூரியத் தகட்டிடம் விடுவதே எரிபொருளுக்கும் நல்லது.

திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். வண்டிகளுக்கிடையே 15 அடி இருந்தால் விதி நிறைவடையும் என்றாலும், 60 அடிக்கு நகர்ந்தால் 12 டெசிபல் குறைவதை உங்கள் காதே உணரும். பாலைவனத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால், நகர்வதைத் தோல்வியாக நான் கருதமாட்டேன்.

ஒன்றில் மட்டும் தயங்காதீர்கள்: ஜெனரேட்டரின் புகைபோக்கி உங்கள் சன்னலை நோக்கியிருந்தால், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது என்பதால், உடனே திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பேசியும் பயனில்லையெனில், ஓடிய நேரங்களைக் குறித்துவைத்து முகாம் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவருடைய ஜெனரேட்டரை நீங்களே அணைக்க வேண்டாம்.