பழைய கேனபிமேல் ஏன் இவ்வளவு ஆசை? ஸ்டிலெட்டோ பற்றிய கேள்விகளும் பதில்களும்

என் ஸ்டிலெட்டோ 135-க்கு, அதாவது 135 சதுர அடிப் பாராசூட்டுக்கு, புது லைன் (அதில் நம்மைத் தொங்கவிடும் கயிறுகள்) போட்டு முடித்த படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். அதைப் பார்த்து நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: புளோரிடாவில் டிலேண்ட் பக்கம் இருக்கிறேன். வாரக் கடைசியில் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பேன். ரிக்கர் வேலையும் பார்க்கிறேன், அதாவது பாராசூட்டைச் சோதித்து, மடித்து, பழுது பார்க்க உரிமம் வைத்திருப்பவன்.

கேள்வி: அண்ணா, நான் குதிப்பவன் இல்லை, வீடியோ பார்ப்பதோடு சரி. பாராசூட் என்றால் குடை மாதிரி இறங்குவதுதானே? அதில் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்றால் என்ன?

குடை மாதிரி வட்டமாக இருந்ததெல்லாம் ஒரு காலம், தம்பி. 1960-களில் டொமினா ஜால்பர்ட் என்பவர் வேறு ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் அறை அறையாகப் பிரிக்கும் தடுப்புகள், முன்பக்கம் திறந்த வாய். காற்று உள்ளே புகுந்ததும் துணி விறைத்து விமான இறக்கை மாதிரி ஆகிவிடும். அதற்கு 1966-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று விளையாட்டுக்காகக் குதிப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் குதிப்பது அந்த வழியில் வந்த இறக்கைகளோடுதான். அந்த இறக்கைத் துணியைத்தான் கேனபி என்கிறோம்.

முதலில் வந்தவை நீள்சதுரம். துணியும் லேசாகக் காற்றை விடும். எஃப்-111 என்ற அந்த நைலான் சில நூறு குதிப்புகளில் தளர்ந்துவிடும், அப்புறம் தரையிறங்கும்போது முட்டி வலிக்கும். பிறகு சிலிக்கான் பூசிய, காற்றே புகாத ஸீரோ போரோசிட்டி துணி வந்தது. இது ஆயிரக்கணக்கான குதிப்புகள் தாங்கும். துணி உறுதியானதும் வடிவத்தில் கைவைக்க முடிந்தது. ஓரங்கள் குறுகி, இறக்கை நீள்வட்டமானது. 1990-களின் தொடக்கத்தில் இங்கே டிலேண்டில் இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டிலெட்டோ அப்படிப்பட்டது. ஒன்பது அறை, நீள்வட்டம், ஸீரோ போரோசிட்டி. அந்தக் காலத்தில் அதைப் பறக்கவிடுகிறவரை எல்லாரும் நின்று பார்ப்பார்கள்.

பத்தாண்டு முடிவதற்குள் அடுத்த படியும் வந்துவிட்டது. அறைக்குள்ளே குறுக்குத் துணி தைத்து, ஒவ்வொரு அறையையும் மூன்றாகப் பிரித்தார்கள். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் வெலாசிட்டியில் ஏழு அறை இருபத்தொன்றாக ஆனது. நியூசிலாந்து இக்காரஸின் விஎக்ஸில் ஒன்பது அறை இருபத்தேழாக ஆனது. மேல்துணி உப்பாமல் தட்டையாக நிற்பதால் வேகம் கூடியது. அப்போதே ஸ்டிலெட்டோ 'பழைய கேனபி' ஆகிவிட்டது.

கேள்வி: இத்தனை புது மாடல் வந்த பிறகும் முப்பது வருடப் பழசைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்களே, பழகிப்போன பாசமா? உண்மையில் எதுவாவது இருக்கிறதா?

பாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம் வந்ததற்குக் காரணம் உண்டு.

கையில் பிடித்துத் திருப்பும் பிடியை டாகிள் என்போம். ஸ்டிலெட்டோவில் வலது டாகிளை இரண்டு விரற்கடை இழுத்தாலே போதும், திரும்ப ஆரம்பித்துவிடும். விட்டால் அதே வேகத்தில் நேராகிவிடும். இடம், வலம், இடம் என்று மாற்றி மாற்றி இழுத்தால் உடம்பு ஊஞ்சல் மாதிரி கேனபிக்கு வெளியே வீசும். இதற்குப் பலமே வேண்டாம், மணிக்கட்டு அசைந்தால் போதும்.

இன்றைய வேகக் கேனபிகள் வேறு நோக்கத்தில் செய்யப்பட்டவை. தரைக்கு மேல் முட்டி உயரத்தில் நூறு மீட்டருக்கு மேல் சறுக்கிக்கொண்டு போவதை ஸ்வூப் என்பார்கள். அதற்கு மேலேயிருந்து நீளமாகப் பாய்ந்து வேகம் சேர்க்க வேண்டும். ஒருமுறை திருப்பிவிட்டால் புதுசு நீண்ட நேரம் மூக்கைக் கீழே வைத்தபடியே பாயும். ஸ்டிலெட்டோ சீக்கிரமே தானாகத் தலையை நிமிர்த்திவிடும். ஸ்வூப் போட்டிக்கு அது குறை. ஆனால் ஐயாயிரம் அடியில் திறந்து, மேகத்தின் ஓரத்தை ஒட்டி இரண்டு நிமிடம் ஆசைதீரச் சுற்றிவிட்டு வர நினைக்கிறவனுக்கு அதுதான் வேண்டும். அப்புறம், அது தட்டையாக வெகுதூரம் மிதந்து வரும். விமானம் திடலிலிருந்து தள்ளி இறக்கிவிட்டாலும் திடலுக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

கேள்வி: அண்ணே, 120 ஜம்ப் முடித்திருக்கிறேன். எடை 75 கிலோ. ஒருவர் ஸ்டிலெட்டோ 135 ரொம்ப மலிவாகத் தருகிறார். பழசு என்பதால் புதுசைவிட மெதுவாகத்தானே இருக்கும்? வாங்கலாமா?

வேண்டாம், தம்பி. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே.

கணக்குப் போட்டுப் பார். நீ 75 கிலோ, உடையும் கருவியும் சேர்த்து இன்னொரு 11 கிலோ. 86 கிலோ என்றால் கிட்டத்தட்ட 190 பவுண்டு. அதை 135 சதுர அடியால் வகுத்தால் 1.4. இதுதான் விங் லோடிங், ஒவ்வொரு சதுர அடித் துணியும் எத்தனை பவுண்டைச் சுமக்கிறது என்ற கணக்கு. பயிற்சியாளர்கள் சொல்லும் பழைய விதி ஒன்று உண்டு: 1.0-ல் தொடங்கு, நூறு குதிப்புக்கு 0.1 கூட்டலாம், அதற்கு மேல் போகாதே. அதன்படி உன் எல்லை 1.1. உனக்கு 170 சதுர அடிப் பக்கம்தான் சரி. அதுவும் சாதாரண வடிவத்தில், நீள்வட்டத்தில் இல்லை.

'பழசு, அதனால் மெதுவு' என்பதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் பேச்சு. போட்டிக் கேனபியோடு ஒப்பிட்டால்தான் ஸ்டிலெட்டோ மெதுவு. நீ இப்போது ஓட்டுவதோடு ஒப்பிட்டால் அது வேறு மிருகம். திறக்கும்போது உன் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கமே திரும்பும். லைன் முறுக்கிக்கொண்டால் நீள்வட்டக் கேனபி சும்மா தொங்காது, சுழன்றபடி கீழே பாயும். உயரம் எப்படிக் கரைகிறது என்பதே தெரியாது. ஏ உரிமம் (முதல்நிலை உரிமம்) வைத்திருப்பவர்கள் 2,500 அடிக்குக் கீழே போவதற்குள் முடிவெடுத்துக் கேனபியைக் கழற்றிவிட வேண்டும் என்று அமெரிக்க பாராசூட் சங்கம் சொல்வது இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான்.

பணத்தைப் பத்திரமாக வை. இன்னும் நானூறு குதித்துவிட்டு வா, நானே உனக்கு நல்லதாக ஒன்று தேடித் தருகிறேன்.

கேள்வி: எனக்கு 900 ஜம்ப் ஆகிறது. செகண்ட் ஹேண்டில் பழைய ஸ்டிலெட்டோ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

துணியைவிட முதலில் லைனைப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்டிலெட்டோக்களில் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரா லைன் இருக்கும். மெல்லியது, பலமானது, ஆனால் சூட்டில் சுருங்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஸ்லைடரின் (கேனபி மெல்ல விரிய உதவும் சின்னத் துணி) உலோக வளையங்கள் லைன் மீது உரசிக்கொண்டே இறங்கும், அந்த உரசலில் சூடு வரும். வெளி ஓரத்து லைன்களும் டாகிளோடு சேர்ந்த பிரேக் லைன்களும்தான் அதிகம் உரசும், அதனால் அவைதான் அதிகம் சுருங்கும். நடு லைன்கள் அவ்வளவு சுருங்காது. முன்னூறு, நானூறு குதிப்பில் கேனபி தைத்தபோது இருந்த வடிவமே மாறிவிடும். 'ஸ்டிலெட்டோ கிறுக்குப் பிடித்தது, நேராகவே திறக்காது' என்று திட்டுகிறவர்களில் பலர் திட்ட வேண்டியது லைனைத்தான்.

பறந்து பார்க்க விட்டால் ஒன்று செய்யுங்கள். கையை முழுக்க மேலே விட்டு, தலையைத் தூக்கிக் கேனபியின் பின் ஓரத்தைப் பாருங்கள். பிரேக் லைன் காற்றில் லேசாக வளைந்து, வில் மாதிரித் தளர்வாக இருக்க வேண்டும். பின் ஓரம் கீழே இழுபட்டிருந்தால் லைன் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்து, டாகிளைக் கையில் வைத்தபடியே முன் ரைசரை (லைன்களைத் தோளோடு இணைக்கும் பட்டை) இழுங்கள். கேனபி முரண்டு பிடித்துத் துள்ளினால் அதே நோய்தான்.

துணிக்கு வருவோம். நடு அறையின் மேல்துணியில், பைலட் சூட்டின் (கேனபியை வெளியே இழுக்கும் குட்டி பாராசூட்) நாடா தைத்திருக்கும் இடத்தைச் சுற்றி உற்றுப் பாருங்கள். முழு இழுப்பும் அங்கேதான் விழுகிறது. பிறகு லைன் தைத்திருக்கும் பட்டைகள், அறைத் தடுப்புகளில் இருக்கும் வட்டத் துளைகளின் ஓரங்கள். நிறம் வெளுத்திருந்தால் வெயிலில் கிடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். நைலானுக்கு வெயில்தான் பெரிய எதிரி.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுவார்கள். பைலட் சூட்டின் வேலை முடிந்ததும் அதைச் சுருக்கிவிடும் கில் லைனும் பெரும்பாலும் ஸ்பெக்ட்ராதான், அதுவும் சுருங்கும். சுருங்கினால் பைலட் சூட் முழுசாக விரியாது, கேனபியைத் தாமதமாகத்தான் வெளியே இழுக்கும். பழைய கேனபி வாங்கியவர் முதல் குதிப்பில் பயந்துபோவதற்குக் கேனபி காரணமாகவே இருக்காது, இந்தச் சின்னக் கயிறுதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: ரீலைன் செய்யும்போது, அதாவது லைனை மாற்றும்போது, ஸ்பெக்ட்ராவே போடலாமா, வேறு வகை லைன்களான வெக்ட்ரானா, ஹெச்எம்ஏவா?

வெக்ட்ரானும் ஹெச்எம்ஏவும் சுருங்காது, வடிவம் அப்படியே நிற்கும். ஆனால் வெக்ட்ரான் உரசலில் சீக்கிரம் பஞ்சு பஞ்சாகும். ஹெச்எம்ஏ அவ்வளவாக முன்னறிவிப்பு தராமல் அறுந்துவிடக் கூடியது, அதனால் குதிப்புக் கணக்கு வைத்து நாள் தவறாமல் மாற்ற வேண்டும். ஸ்பெக்ட்ரா தன் வயதைத் தானே காட்டிவிடும். நான் வருடத்துக்கு நூற்றைம்பது தடவைதான் குதிக்கிறேன், எனக்கு வெக்ட்ரான். எதைப் போட்டாலும் அந்த அளவுக் கேனபிக்கான டிரிம் சார்ட்டை (லைன் நீள அட்டவணை) பார்த்து, இடதும் வலதும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு அளந்து வாங்குங்கள்.

கேள்வி: என் தம்பி ஆஸ்திரேலியாவில் குதிக்கிறான். 'பழைய பாராசூட் வாங்கினேன், ரொம்ப நல்லது' என்று சந்தோஷமாகச் சொல்கிறான். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பழைய பாராசூட் கிழிந்துவிடாதா?

அக்கா, நீங்கள் பயப்படுவது நியாயம், ஆனால் பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். நன்றாகப் பராமரித்த துணி அவ்வளவு எளிதில் கிழியாது. கிழிந்தாலும் அதைக் கழற்றிவிட்டுத் திறக்க முதுகிலேயே இன்னொரு பாராசூட் இருக்கிறது, அதை உரிமம் பெற்றவர்தான் மடிப்பார். 1990-களில் இந்த விளையாட்டை உலுக்கிய விபத்துகள் துணி கிழிந்து வந்தவை இல்லை. நன்றாக விரிந்த, எந்தக் கோளாறும் இல்லாத கேனபியின் கீழேயே ஆட்கள் இறந்தார்கள். தரைக்குப் பக்கத்தில் சட்டென்று திருப்பினார்கள், நிமிர உயரம் போதவில்லை.

அதனால் அவனிடம் 'பாராசூட் பழசா' என்று கேட்காதீர்கள். 'எத்தனை குதிப்பு ஆகியிருக்கிறது, விங் லோடிங் எவ்வளவு, கேனபி கோர்ஸ் முடித்தாயா, கீழே வந்து திருப்புகிறாயா' என்று கேளுங்கள். அக்கா இவ்வளவு தெரிந்து கேட்டால் எந்தத் தம்பியும் ஒரு நிமிடம் யோசிப்பான்.

கேள்வி: ஸ்டிலெட்டோவில் ஸ்வூப் பழகுவது நல்லதுதானே? தானாக நிமிர்ந்துவிடும் என்றீர்களே.

தானாக நிமிர்வதுதான் இங்கே சிக்கல். சீக்கிரம் நிமிர்ந்துவிடுவதால், வேகம் மிச்சமிருக்கத் தரையைத் தொட வேண்டுமென்றால் தாழ்வாகத் திருப்ப வேண்டும். தாழ்வாகத் திருப்பினால் தப்பைத் திருத்த நேரமே இல்லை. நீளமாகப் பாயும் கேனபியில் பல நூறு அடி மேலேயே திருப்பத்தைத் தொடங்கிவிடலாம், கணக்கு தப்பினால் நடுவில் கைவிட்டு வெளியே வர இடம் இருக்கும். அன்றைக்கு ஹூக் டர்ன் என்று டாகிளை ஒரே இழுப்பாக இழுத்தவர்கள் பலருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. ஸ்வூப்தான் ஆசை என்றால் பயிற்சியாளரோடு, அதற்கென்று செய்த கேனபியில், படிப்படியாகப் போங்கள். ஸ்டிலெட்டோவை மேலே ஓட்டுங்கள்.

கேள்வி: ஸ்டிலெட்டோவுக்கு முன்னால் வந்த சேபர் 1 கேனபி என்னிடம் இருக்கிறது. திறக்கும்போது கழுத்து ஒடிகிற மாதிரி அடிக்கிறது.

அந்தச் சேபருக்கு அது தெரிந்த குணம். பலர் பாக்கெட் தைத்த ஸ்லைடரையோ பெரிய ஸ்லைடரையோ மாற்றி அடக்கியிருக்கிறார்கள். அதற்கு முன் மடிப்பைச் சரிபாருங்கள். ஸ்லைடர் மேலே அதை நிறுத்தும் தடுப்புகளோடு ஒட்டி இருக்கிறதா? பையில் லைனை மாட்டும் ரப்பர்கள் தளர்ந்திருக்கின்றனவா? இரண்டும் சரியாக இருந்தும் அடித்தால் ரிக்கரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: கேனபியோடு பழைய கன்டெய்னரும் (பாராசூட் வைக்கும் முதுகுப் பை) முதல் தலைமுறை சைப்ரஸும் சேர்த்துத் தருகிறார்கள். எடுக்கலாமா?

சைப்ரஸ் என்பது நாம் மறந்தாலும் குறைந்த உயரத்தில் ரிசர்வை, அதாவது முதுகில் இருக்கும் அந்த இரண்டாவது பாராசூட்டை, திறந்துவிடும் கருவி. 1991-ல் வந்த அந்த முதல் தலைமுறைக்கு ஆயுள் வரம்பு உண்டு, இன்று அவை எல்லாமே ஆயுள் முடிந்தவை. அதற்கு ஒரு காசுகூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கன்டெய்னரை உங்கள் ரிக்கர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். பழைய ரிசர்வாக இருந்தால் உங்கள் எடைக்கு அது போதுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் டிலேண்ட் வருகிறேன். 600 ஜம்ப், இப்போது விங் லோடிங் 1.3. உங்கள் ஸ்டிலெட்டோவை ஒருமுறை ஓட்டத் தருவீர்களா?

தருகிறேன், வாருங்கள். உங்கள் பதிவேட்டையும் எடுத்து வாருங்கள். காற்று அதிகமில்லாத காலையாகப் பார்த்து, தனியாகக் குதித்து, ஐயாயிரம் அடியில் திறங்கள். திறக்கும்போது தோள் இரண்டும் சமமாக இருக்கட்டும், இடுப்பு அசையக் கூடாது. முதல் ஆயிரம் அடியில் டாகிளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, எந்த இடத்தில் கேனபி பறப்பதை விட்டுத் தொய்கிறது என்று பாருங்கள். பிறகு ஃபிளேரை, அதாவது தரையிறங்கும்போது இரண்டு டாகிளையும் சேர்த்து இழுத்து வேகத்தைக் குறைப்பதை, மூன்று தடவை செய்யுங்கள். அப்புறம் இரண்டு விரற்கடை இழுத்துப் பாருங்கள். இரண்டாயிரம் அடிக்குக் கீழே விளையாட்டு வேண்டாம், வழக்கமான சுற்றில் வந்து நேராக இறங்குங்கள். திடலின் தெற்கு ஓரத்தில் நிற்பேன்.