வைஃபைக்கு முறை வைப்பது யார்?

கேள்வி: எங்கள் தெருவில் இருபது வீடு, இருபது வைஃபை பெட்டி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எல்லாம் நத்தைதான். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போல இதற்கும் வைக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மதகைத் திறந்து மூட லஸ்கர் இருக்கிறார், வைஃபைக்கு அப்படி ஆள் கிடையாது. பெட்டிகளே தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கும், வேறு பெட்டி பேசினால் பொறுத்திருக்கும், ஓய்ந்ததும் 0 முதல் 15 வரை ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு அத்தனை துணுக்கு நேரம் எண்ணிவிட்டுப் பேசும். ஒரு துணுக்கு 9 மைக்ரோ விநாடி. இரண்டு பெட்டிக்கு ஒரே எண் விழுந்தால் மோதல். அடுத்த தடவை 31 வரை, அப்புறம் 63 வரை, இப்படியே 1023 வரை போகும்.

கெடுப்பது நாம்தான். வைஃபை பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல்கள், அதாவது எண்ணிட்ட தடங்கள், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஒரு பெட்டிக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், அதனால் உரசாமல் இருக்க வழக்கமாக எடுத்துக்கொள்வது 1, 6, 11. காலியாக இருக்கிறதே என்று 3-இல் போய் உட்கார்ந்தால் 1-க்கும் 6-க்கும் நீங்கள் வெறும் இரைச்சல், பேச்சு புரியாததால் அவர்களால் சரியாக விட்டுக்கொடுக்கவும் முடியாது. அகலத்தை 40 ஆக்குவது இன்னும் மோசம், பக்கத்து வயல் மடையையும் சேர்த்து வெட்டிவிட்ட மாதிரி. எதிர்வீட்டுக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா, அவரும் வெட்டுவார். இனி ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்குத்தான் நஷ்டம் என்பதால் இருவருமே அதில் மாட்டிக்கொள்வார்கள். தனியாக மாறி யாருக்கும் லாபமில்லாத இந்த நிலைக்கு நாஷ் சமநிலை என்று பெயர், 1950-இல் கணித அறிஞர் ஜான் நாஷ் எழுதியது. சமநிலை என்றதும் நல்ல நிலை என்று நினைத்துவிடுகிறோம், அப்படிக் கட்டாயமில்லை. 20-க்கு இறக்குங்கள், எதிர்வீட்டிலும் சொல்லுங்கள்.

கேள்வி: எந்த சேனல் நல்லது என்று பெட்டி தானாகக் கற்றுக்கொள்ளுமா?
- கல்லூரி மாணவி, வலங்கைமான்

பதில்: அப்படிக் கற்க வைக்கலாம். சேனல்களை வெண்ணாற்றின் மூன்று மதகடி என்று வையுங்கள், உங்கள் கையில் ஒரு தூண்டில். முதல் மதகில் இரண்டு கெளுத்தி கிடைத்தது என்று அங்கேயே உட்கார்ந்தால் மூன்றாவதில் விரால் இருப்பது தெரியாமலே போகும், சும்மா மாறிக்கொண்டே இருந்தாலும் பொழுதுதான் போகும். வழி என்னவென்றால், ஒவ்வொரு இடத்தின் சராசரியோடு, குறைவாக முயன்ற இடத்துக்குக் கொஞ்சம் சலுகை மதிப்பெண் சேர்த்து, எது அதிகமோ அங்கே போவது. ஆரம்பத்திலிருந்தே சிறந்த இடத்தில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் அளவுக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தத் துறையில் வருத்தம் என்றே சொல்கிறார்கள், பொருத்தமான சொல்தான். அது லாகரிதம் வேகத்தில் மெதுவாக மட்டுமே ஏறும்படி செய்யலாம் என்று 1985-இல் லை, ராபின்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர்கள் காட்டினார்கள். ஆனால் பக்கத்து மதகில் இன்னொருவரும் தூண்டிலோடு இடம் மாறிக்கொண்டிருந்தால் நேற்றைய சராசரி இன்று பொய்யாகிவிடும். உங்கள் தெருவிலும் அதே கதைதான்.

கேள்வி: ஆழித்தேர் அன்று சிக்னல் கோடு முழுசாக இருந்தும் போன் போகவில்லையே?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: கோடு, டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும், உங்களுக்கு இடம் உண்டா என்பதைச் சொல்லாது. 4ஜியில் லஸ்கர் உண்டு, டவர்தான் மில்லி விநாடிக்கு ஒரு தரம் பங்கு பிரிக்கிறது. ஆனால் உள்ளே நுழைய முதலில் கதவைத் தட்டவேண்டும், அதற்கு 64 விதத் தட்டல்கள்தான், இத்தனை ஆயிரம் போன்கள் ஒரே நேரத்தில் தட்டினால் மோதாமல் என்ன செய்யும்? விடாமல் ரீடயல் அமுக்குவது கூட்டத்தைத்தான் கூட்டும். ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டு வடம் பிடிக்கப் போங்கள்.