புயல் வரப்போகிறது, மாடி ஒழுகுகிறது. இருக்கும் ஒன்றிரண்டு நாளில் என்ன செய்யலாம்?

உங்கள் வீடு காங்கிரீட் தளம் போட்டது, இந்த நேரம் பார்த்து வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓட்டு வீட்டுக்கு இதில் பாதி பொருந்தாது.

உள்ளே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே பூசிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து, தளத்துக்குள்ளேயே வழி தேடி வேறிடத்தில் சொட்டும். எங்கள் வீட்டில் ஃபேன் கொக்கியைச் சுற்றித்தான் ஒழுகியது. ஓட்டை அதற்கு நேர் மேலேதான் என்று பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. மழை இல்லாத ஒரு நாள், ஈரச்சாக்கால் தளத்தைப் பகுதி பகுதியாக அணைகட்டித் தண்ணீர் ஊற்றினேன். கீழே மகளை நிறுத்தியிருந்தேன். ஃபேனுக்கு மேலே ஊற்றியபோது ஒரு சொட்டும் இல்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஊற்றி நெடுநேரம் ஆன பிறகுதான், ஃபேன் கிண்ணத்தின் விளிம்பில் நீர் முத்துமுத்தாகக் கட்டியது. அந்த மூலையில் காரை பெயர்ந்து, நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்; அதற்குள் பாசி. பக்கத்தில் வடிகுழாயின் வாயைச் சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன. தண்ணீர் வடிந்திருந்தால் அங்கே தேங்கியே இருக்காது.

உங்களுக்கு இப்போது அந்தச் சோதனைக்கு நேரமிருக்காது. மூலைகளைப் பாருங்கள், வடிகுழாயை இன்றே சுத்தம் செய்யுங்கள். 1000 சதுர அடித் தளத்தில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அதன் எடை ஏறக்குறைய 9 டன். ஒழுகலைவிடப் பெரிய கவலை அது.

வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் போதுமே என்பார்கள். ஈரத்திலும் பாசியிலும் அடித்தால் உரிந்துவரும். காயவும் நேரம் வேண்டும். வெயில் இல்லையென்றால் தார்ப்பாய்தான். கைப்பிடிச் சுவருக்கு மேலேற்றி வெளிப்பக்கம் மடித்துக் கட்டி, தளத்தில் கிடக்கும் ஓரத்தை மரச்சட்டத்தில் சுருட்டி, மேலே மணல் மூட்டைகளை வரிசையாக வையுங்கள். வெறும் செங்கல் வேண்டாம், கடுங்காற்றில் தார்ப்பாய் அதையும் இழுத்துக் கீழே போட்டுவிடும். புயலுக்குத் தார்ப்பாய் நிற்குமா என்று கேட்பீர்கள். கிழியலாம்தான், நான் மறுக்கவில்லை. அதுவரை பெய்யும் மழையையாவது தடுக்கும். காற்று ஏறிய பிறகு அதைச் சரிசெய்ய மேலே போகவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மூலையைக் கண்டுபிடித்தது நான். ஆனால் அப்புறம் வந்த கொத்தனார், நான் காட்டக் காட்ட, என் கணவரையே பார்த்து "நீங்க சொல்லுங்க சார்" என்றார். வீட்டு வேலை எதற்கு ஆள் வந்தாலும் இதே கதை. எது எப்போது சொட்டுகிறது என்பது பகல் முழுக்க வாளி மாற்றுகிறவளுக்குத்தானே தெரியும்? எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அப்படி.

சரி, உள்ளே செய்ய வேண்டியது. ஃபேன், விளக்கு வழியாகச் சொட்டினால் அந்த இணைப்பை மின்பெட்டியில் இருக்கும் எம்சிபி சுவிட்சில் அணைத்துவிடுங்கள். சீலிங்கைக் கம்பால் மெதுவாகத் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, அதன் கீழே யாரும் படுக்க வேண்டாம். மழை நின்றதும், ஈரம் காய்வதற்கு முன், கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு போட்டோ எடுத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் நிரந்தர வேலைக்கு வருபவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.