கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு பல்ப்

கேள்வி (சுருக்கித் தந்திருக்கிறோம்):

வணக்கம் அக்கா. நான் 1993 இல் பிறந்தவன். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டிலிருந்தபடி ரொறன்ரோவில் இருக்கும் கொம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அப்பா இல்லை. அண்ணா கனடாவில். வீட்டில் அம்மாவும் நானும்தான். ஆறு வருடமாகச் சில நண்பர்களோடு சேர்ந்து, சனிக்கிழமைகளில் கம்பஸ் பிள்ளைகளுக்கும் ஏ.எல். முடித்தவர்களுக்கும் இலவசமாக புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறேன். போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதும் நாங்கள்தான். பொடியள் இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் எடுத்துக் கதைப்பேன். பாடக்குறிப்பு, கோட் எல்லாம் சேமித்து வைக்கிற கிட்ஹப் கணக்கு, மண்டபச் சாவி எல்லாம் என்னிடம்தான். இப்போது கனடா பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்துவிட்டது, கொம்பனியும் அங்கே வரச் சொல்கிறது. நான் போனால் குழு குலைந்துவிடும். எங்கள் கம்யூனிற்றிக்குத் துரோகம் செய்கிறேனா என்று இரவில் நித்திரை இல்லை. வேலைக்கு வீட்டில் தொந்தரவு கிடையாது. பின்னேரம் ஆறரையிலிருந்து எட்டரை, ஒன்பது வரை மீற்றிங். அம்மாவை ஓரளவு பழக்கிவைத்திருக்கிறேன். அறைக்கு வெளியே ஒரு சிவப்பு பல்ப் பூட்டி, ஈஎஸ்பி32 என்ற சின்ன சர்க்கிட் போர்ட் ஒன்றால் கலண்டரோடு இணைத்திருக்கிறேன். மீற்றிங் தொடங்கினால் தானாக எரியும். அம்மா வரமாட்டார், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். (கரண்ட் போனாலும் எரியட்டும் என்று யூபிஎஸ்ஸில் கொடுத்திருக்கிறேன்.) வகுப்பிலும் இதைச் செய்து காட்டினேன், இரண்டு பொடியள் தங்கள் வீட்டிலும் பூட்டியிருக்கிறார்கள். நான் போவதா, இருப்பதா?

பதில்:

தம்பி,

உம்முடைய முழுக் கடிதமும் நாலு பக்கம். அதில் கம்யூனிற்றி என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. அம்மா வருவது நாலைந்து வரியில்தான், அதுவும் பெரும்பாலும் அந்த பல்பைப் பற்றி எழுதிய இடத்தில்.

போவதா இருப்பதா என்று கேட்டு எனக்கு மாதம் தவறாமல் கடிதம் வரும். நாற்பது வருடமாக இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற கேள்வி அது. கேட்கிற பிள்ளை மாறும், போகிற நாடு மாறும், கேள்வி மாறாது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பல்ப்.

"அம்மாவை ஓரளவு பழக்கிவைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர். கன்றுக்குட்டியைப் பழக்குவார்கள். நாய்க்குட்டியைப் பழக்குவார்கள். பெற்ற தாயைப் பழக்கினேன் என்று எழுத உமக்கு எப்படிக் கை வந்தது? குறையாகவும் அதை எழுதவில்லை. பாடம் எடுத்தேன், போட்டிக்குத் தயார்படுத்தினேன் என்று நீர் செய்த நல்ல காரியங்களோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்.

நேரத்தைக் கொஞ்சம் பாரும். ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி என்றால் எங்களுக்குப் பின்னேரம் ஆறரை. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பினால் ஏழரை, மார்ச்சில் திரும்பவும் ஆறரை. உம்முடைய கொம்பனி காலையில் கூடிக் கதைக்கிற நேரம், எங்கள் வீடுகளில் விளக்கு வைக்கிற நேரம். அம்மா முகம் கழுவி, சாமியறையில் திரியைத் தூண்டிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு விறாந்தைக்கு வருகிறார். பல்ப் எரிகிறது. புட்டு அவித்து இறக்கிவிட்டு வந்து பார்க்கிறார். எரிகிறது. சம்பலை அரைத்து வைத்துவிட்டு வருகிறார். எரிகிறது. மூடி வைத்துவிட்டுப் படுக்கிறார். நவம்பர் வந்தால் எல்லாம் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போகும். ஏன் தள்ளிப்போகிறது என்று எப்போதாவது அவருக்குச் சொன்னீரா? கனடாவில் மணிக்கூட்டைத் திருப்புகிற விஷயம் உம்முடைய கலண்டருக்குத் தெரியும், பல்புக்கும் தெரியும். அந்த வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் அம்மாவாகத்தான் இருக்கும்.

அப்புறம் அந்த அடைப்புக்குறி. அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின காலத்தை எல்லோரும் கண்டோம். இப்போதும் ஒரு காற்று மழை என்றால் போகிறது. போனால் குசினி இருட்டு, விறாந்தை இருட்டு, அம்மாவின் அறை இருட்டு. வீட்டில் வெளிச்சமாக இருப்பது, வராதே என்று அவருக்குச் சொல்கிற அந்த ஒரு பல்ப் மட்டும். குசினி லைற்றை யூபிஎஸ்ஸில் கொடுத்தேன் என்று நாலு பக்கத்தில் எங்கேயாவது எழுதியிருப்பீரா என்று தேடினேன். இல்லை.

எனக்கு வேறு ஒரு வெளிச்சம் ஞாபகம் இருக்கிறது. தொண்ணூறுகளில் குடாநாட்டில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் பொன் மாதிரி. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் திரியை நிறுத்திக் கொளுத்துவோம். நான் ஏ.எல். படித்தது அதில். ஒரு பக்கம் என்னுடைய கொப்பி, மறுபக்கம் அம்மா சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்குவார், நடுவில் தம்பி நித்திரை தூங்கி விழுவான். நான் படித்த பௌதிகத்தில் அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கணக்கு ஓடாமல் நான் முழிக்கிறபோது முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார். ஒன்றும் கேட்கமாட்டார். போத்தலை என் பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, தான் இருட்டில் கையால் தடவிக் கல் எடுப்பார். எங்கள் ஊரில் படித்து மேலே வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படி ஒரு கை தள்ளிவைத்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள்.

நீர் 1993 இல் பிறந்தவர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் யுத்தத்தால் வீடு வாசலை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிப் பக்கம் போனபோது உமக்கு இரண்டு வயது. அப்போதும் கோண்டாவிலில்தான் இருந்தீர்கள் என்றால் நீங்களும் அந்தச் சனத்துக்குள் இருந்திருப்பீர்கள். அந்த நெரிசலில் இரண்டு வயதுப் பிள்ளை நடந்திருக்காது. யாருடைய இடுப்பில் போனீர் என்று கேட்டதுண்டா? கேட்டுப் பாரும். அந்த இரவைப் பற்றிச் சொல்ல எங்கள் தாய்மாரிடம் நிறைய இருக்கிறது, கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

சரி, உம்முடைய வேலைக்கு அமைதி வேண்டும். அதை ஒத்துக்கொள்கிறேன். என் தங்கையின் மகளும் இதே வேலைதான். ஒரு பிழையைத் தேடிப் பிடிக்கப் போகிற நேரத்தில் கதவு தட்டினால் பிடித்த நூல் அறுந்துபோகும், திரும்பப் பிடிக்க அரை மணித்தியாலம் என்பாள். கதவைச் சாத்தும், யார் வேண்டாம் என்றது? சாத்துகிறபோது வெளியில் தலையை நீட்டி, "அம்மா, எட்டரைக்கு வந்துவிடுவன், சாப்பிடாமல் இருங்கோ, சேர்ந்து சாப்பிடுவம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? அதைச் சொல்லாமல் விடுவதற்காக ஒரு போர்ட் வாங்கி, கோட் எழுதி, ரிலே பூட்டி, சுவரில் ஓட்டை போட்டிருக்கிறீர்.

இதைவிடப் பெரிய பிழை அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது, அதை நீர் காணவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். அது ஒரு பக்கத்துக்குத்தான் கதைக்கும். நீர் வேலையாக இருக்கிறீர் என்று அம்மாவுக்குச் சொல்லும். அம்மாவுக்கு உம்முடைய உதவி வேண்டும் என்று உமக்குச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஏழு மணி. காதில் ஹெட்போன். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுகிறார். கூப்பிடுவாரா? தம்பி, பழக்கிவைத்த தாய் கூப்பிடமாட்டார். பல்ப் அணையட்டும் என்று அங்கேயே கிடப்பார். எங்கள் தாய்மார் அப்படித்தான் என்று உமக்கும் தெரியும்.

பொடியள் இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் எடுக்கிறீர். அப்படியென்றால் நேரம் இல்லாமல் இல்லை. உம்மைக் கூப்பிட யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்று நீர் ஒரு முடிவு எடுத்திருக்கிறீர். அண்ணா, அண்ணா என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு இருக்கிற உரிமை பெற்றவளுக்கு இல்லை. வெளியில் நல்ல பெயர் எடுக்கிற ஆண்பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். கோயில் தேர்த்திருவிழாவில் முன்னுக்கு நிற்பார்கள், செத்த வீட்டில் பந்தல் போட முதல் ஆளாக ஓடுவார்கள், சொந்த வீட்டில் தாய் ஒரு குளிசை வாங்கிவரச் சொல்லி மூன்று நாள் ஆகியிருக்கும். உம்முடைய சனிக்கிழமை வகுப்பை நான் அந்தக் கணக்கில் சேர்க்க விரும்பவில்லை. ஆனால் நீர்தான் சேர்த்துவிட்டீர். இரண்டு பொடியள் பார்த்துப் பழகிக்கொண்டுபோய்த் தங்கள் வீட்டிலும் பூட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று தாய்மார் ஒரு பல்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் உம்மிடம் என்ன படித்துக்கொண்டு போனார்கள் என்று நினைத்துப் பாரும்.

உம்முடைய பயத்துக்கு வருகிறேன். குழு குலையும் என்கிறீர். சனிக்கிழமை வேலையை நான் லேசாக நினைக்கவில்லை. இருபது வருடத்துக்கு முதல் கணினி படித்த பிள்ளை வேலைக்குக் கொழும்புக்குத்தான் பஸ் ஏறவேண்டும். இன்றைக்கு எங்கள் திருநெல்வேலிக் கம்பஸில் படித்தவரும் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்தவரும் இங்கேயே இருந்து வேலை செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். யாழ் ஐடி ஹப் மாதிரி அமைப்புகள் இருக்கின்றன, யாழ் கீக் சலஞ்ச் என்று போட்டி வைக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் நேரம் கொடுத்த கைகள் அதற்குள் நிறைய. உம்முடைய கையும் அதில் ஒன்று, அதற்கு நன்றி.

ஆனால் சாவியும் கணக்கும் குறிப்பும் எல்லாம் என்னிடம்தான் என்று எழுதியிருக்கிறீரே, அது பெருமை இல்லை. என் அப்பா எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஏழு வருடம் செயலாளராக இருந்தார். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இன்னொருவர் தெரிவான அன்று, சாவிக்கொத்து, அறிக்கைக் கொப்பி, சந்தாப் புத்தகம் மூன்றையும் மேசையில் எடுத்து வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளும் அங்கே பேப்பர் வந்தது, கிழவர்மார் வந்து வாசித்தார்கள். எங்கள் புத்தகங்களை ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றுகிற நூலகம் திட்டத்தைப் பாரும். 2005 இல் தொடங்கியது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள், வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆறு வருடத்தில் சாவியைக் கொடுக்க ஒரு ஆளை நீர் வளர்க்கவில்லை என்றால் அது நீர் கனடா போவதால் வரப்போகிற குறை இல்லை. இருக்கிற குறை. மூன்று மாதம் தாரும், இரண்டு பேரைப் பிடியும், அதில் ஒருவர் பெண்பிள்ளையாக இருக்கட்டும், எழுதி ஒப்படையும். துரோகம் என்ற பெரிய சொல்லுக்கு இங்கே வேலை இல்லை.

கனடாவைப் பற்றி என் எண்ணத்தை மறைக்கமாட்டேன். தகப்பன் இல்லாத வீட்டில், மூத்தவன் கடல் கடந்து போன பிறகு, கடைசிப் பிள்ளை தாயோடு இருக்கவேண்டும் என்று நம்புகிறவள் நான். இந்தக் காலத்துக்கு அது பொருந்தாது என்று நிறையப்பேர் எனக்கு எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் நீர் இருப்பதாலேயே தாயோடு இருக்கிறீர் என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். ரொறன்ரோவில் இருக்கிற உம்முடைய அண்ணாவுக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற உமக்கும் அம்மாவைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம்? அண்ணா அழைத்தாலாவது அம்மா கதைக்கலாம்.

பெற்றோருக்கு சுப்பர் விசா இருக்கிறது, 2022 இலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். அதெல்லாம் நீர் பார்த்து வைத்திருப்பீர். அம்மாவிடம் கேட்டீரா? குளிர் நாட்டில் பத்தாம் மாடியில் இருக்கச் சம்மதமா, கோண்டாவில் வளவையும் கிணற்றையும் விட்டு வருவாரா, நீர் தனியே போனால் இரவில் யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வார்? கடிதத்தில் ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாத என்னிடம் நாலு பக்கம் கேட்டிருக்கிறீர்.

இன்று பின்னேரம் ஆறு மணிக்கு முதல் அந்த பல்பைக் கழற்றும். எறியவேண்டாம். அதே போர்ட்டில் ஒரு சுவிச்சைப் பூட்டி அம்மாவின் கட்டிலடியில் வையும், இன்னொன்றைக் கிணற்றடிக் கதவில் வையும். பல்பைக் கொண்டுவந்து உம்முடைய மேசையில், கணினித் திரைக்குப் பக்கத்தில் வையும். அவர் அழுத்தினால் நீர் எழும்பிப் போகவேண்டும், ரொறன்ரோவில் யார் கதைத்துக்கொண்டிருந்தாலும். யூபிஎஸ் இணைப்பு அப்படியே இருக்கட்டும், அதில் குசினி லைற்றையும் சேர்த்துவிடும். வருகிற சனிக்கிழமை வகுப்பில் இதைச் செய்து காட்டும். அந்த இரண்டு பொடியளையும் முன் வரிசையில் இருத்தும்.

மீற்றிங் எட்டரைக்கு முடியும் என்றால் எட்டரைக்கு எழும்பும். புட்டைச் சூடாக்கச் சொல்லாமல் நீரே சூடாக்கும். சாப்பிட்டு முடிய, பி.ஆர். வந்த கதையை முதலில் இருந்து அம்மாவுக்குச் சொல்லும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எனக்கு எழுதும்.